பதினோராம் நிமிடம்

தரையில் ஒரு குறையுமில்லை.
செம்பனைக் கட்டையில் வாலைக் கட்டி
முழுக்கக் கொடுத்தால்
மூவாயிரத்து இருநூறு சுற்று, நடுங்காத முள்.
சூடேறிவிடும் என்று ஐந்து நிமிடத்தில் அணைத்துவிடுவோம்.
மேலே போனால் மட்டும்
பதினோராம் நிமிடம்
யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்திழுத்த மாதிரி.

மூன்று முறை.
முதல் முறை மில் புகைக்கூண்டுக்கு நேர் மேலே இருந்தேன்,
எண்ணூறு அடி.
சட்டென்று நிசப்தம் என்பதெல்லாம் கதைகளில்தான்.
இது இருமல், இழுப்பு,
கெஞ்சினால் கொஞ்சம் தருகிற கஞ்சத்தனம்.
மூக்கைத் தாழ்த்தி,
மருந்தடிக்கும் விமானங்களுக்கென்று
கம்பெனி எப்போதோ போட்ட செம்மண் ஓடுதளத்தில்
சக்கரம் பட்டபோது
குணாளன் ஓடி வந்து கேட்டான்:
"சுற்று எத்தன காட்டிச்சு?"
பிறகுதான், "நீ நல்லாருக்கியா?"

பழைய வோக்ஸ்வேகன் எஞ்சின்,
தஞ்சோங் மாலிமில் எண்ணூறு வெள்ளிக்கு வாங்கியது.
ஆகவே எல்லோரிடமும் ஒரு பதில் இருந்தது.
கார்பரேட்டர் என்றான் ஆ செங்.
காலை ஈரத்தில் அதன் தொண்டையில் பனி கட்டும் என்றான் குணாளன்.
பீடோரில் பனியா என்று சிரித்தோம்.
கட்டும் என்று பிறகு படித்தேன்; ஆனால் இது அதுவல்ல.
பெட்ரோலில் தண்ணீர் என்றேன் நான்.
மில் ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்க
எண்ணெயில் ஈரம் தேடுகிறவளுக்கு
உலகமே ஈரம்.
எண்ணெய் நிலையத்துத் தர்மலிங்கத்தோடு சண்டைகூடப் போட்டேன்.

வடிகட்டி மாற்றினோம். பிளக் மாற்றினோம்.
கார்பரேட்டர் வாயில் குழாயைக் கழற்றி
சர்பத் போத்தலில் பிடித்துக் கடிகாரம் பார்த்தோம்:
எழுபது விநாடியில் ஒரு லிட்டர்.
மூன்று எஞ்சின் குடிக்கலாம்.
ஒவ்வொரு முறையும் முதல் வேலையாக
தொட்டி மூடியைத் திறந்து
குச்சி விட்டு அளந்தோம்,
ஒழுங்கானவர்கள் என்பதால்.

அந்தச் சனிக்கிழமை
பஸ் நிலையத்து ஒட்டுக்கடையில்
காதர் சுசு டின்னில் ஒரு குத்து குத்திக் கவிழ்த்தார்.
பால் ஒரு சொட்டு வந்து, யோசித்து, நின்றது.
மலாயில் ஏதோ திட்டிவிட்டு
எதிர் ஓரத்தில் இன்னொரு குத்து.
கட்டியாய், தடையில்லாமல், வழிந்தது.
தே தாரேக் வருவதற்குள் எழுந்துவிட்டேன்.
காசு கொடுத்தேனா, நினைவில்லை.

திறந்து பார்த்துப் பார்த்தே
அதைக் குணப்படுத்திக்கொண்டிருந்திருக்கிறோம்.
பார்ப்பதே மருந்தாகிற நோயைப்
பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?

"மூடியைத் தொடாதே" என்றேன்.
சூடேறினால் ஏறட்டும்.
பதினொன்று. ஒன்றுமில்லை.
குணாளன் என்னைப் பார்த்தான்.
பதினாலில் இருமியது.
அணைத்துவிட்டு, காதை வைத்து, மூடியைத் திருகினேன்.
ஸ்ஸ்ஸ்...
வெளியே அல்ல, உள்ளே போகிற காற்று.
தொட்டித் தகரம் டப்பென்று நிமிர்ந்தது.

காற்றுக்குழாய் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை.
சைக்கிள் கம்பியை விட்டு இழுத்தான்.
மண்.
அதற்குப் பின்னால்
செத்தும் சாகாமலும் ஐந்து சிலந்திகள்,
நடுவில் அரிசி அளவு வெள்ளைப் புழு, சாப்பாட்டு வேளையில்.
வெளிச்சம் பட்டு நெளிந்தது.
பறக்கவென்று நாங்கள் செய்ததற்குள்
ஒருத்தி
பறக்கவென்று ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள்.

பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில்
குணாளன் 'குளவி' என்று எழுதினான்.
அடித்துவிட்டு 'மூடி' என்று எழுதினேன்.
இரண்டையும் படிக்கத் தெரியாமல்
ஆ செங் கையெழுத்துப் போட்டான்.
தர்மலிங்கத்திடம் மன்னிப்புக் கேட்டேன்.
பாதியிலேயே அடுத்த லோரிக்குப் போய்விட்டார்.

குழாய் வாயில் இப்போது கொசுவலைத் துண்டு.
ஞாயிறு காலை. பத்து. பதினொன்று.
பன்னிரண்டு.
நாங்கள் யாரும் போயிராத இடம்:
ஆற்றின் திருப்பம், மீன் குளங்கள்,
பச்சைத் தகரக் கூரை,
துணி காயப்போடும் ஒருவன் அண்ணாந்து
கையசைத்தான்.
நான் அசைக்கவில்லை.
கேட்டுக்கொண்டிருந்தேன்.