விருப்பம் எண் ஒன்று

மேலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
செராக்ஸ் கடை மாடியில்
என் மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலி.
ஒன்றில் பாண்டிமீனா,
இன்னொன்றில் அவள் சான்றிதழ்ப் பை.
மணி நாலே கால்.
ஐந்துக்குப் பட்டியல் தானாகப் பூட்டிக்கொள்ளும்.

கட்ஆஃப் நூற்று எண்பத்து மூன்றரை.
இந்த மாதிரி எண்கள்தான் தொல்லை.
நூற்றுத் தொண்ணூற்றெட்டு வந்தால்
கிண்டி என்று தட்டிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.
நூற்றுப் பத்து வந்தால்
கல்லூரியே ஆளனுப்பிக் கூட்டிக்கொண்டு போகும்,
டிராலி பேக்கும் தண்ணீர் பாட்டிலும் இலவசம்.
நடுவில் நிற்கிறவர்களுக்குத்தான்
எல்லாக் கதவும் பாதி திறந்திருக்கிறது.

அவள் அப்பா எழுதிக் கொடுத்த தாளில்
வெங்காயச் சாக்கின் வாசம்.
முதல் பதினாறு வரியும் கம்ப்யூட்டர்.
கோயம்புத்தூர் கம்ப்யூட்டர், நாமக்கல் கம்ப்யூட்டர்,
செயற்கை நுண்ணறிவு என்று வால் முளைத்த கம்ப்யூட்டர்,
நான்கு வழிச்சாலை ஓரம் எங்கோ
விளம்பரத்தில் மட்டும் புல்வெளி உள்ள கம்ப்யூட்டர்.
பதினேழாவதாக, அடியில், பென்சிலில்,
அவள் கையெழுத்து:
திருப்பரங்குன்றம் ரோட்டுப் பழைய கல்லூரி. சிவில்.

"அக்கா, இத மேல ஏத்த முடியுமா?"
"எத்தன படி?"
"பதினாறு."

வரிக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி உண்டு.
ஒரு தட்டுக்கு ஒரு படி.
ஒவ்வொரு தட்டுக்கும்
ஒரு கம்ப்யூட்டர் கீழே இறங்கியது.

பத்தாவது தட்டில் நெட் நின்றது.
சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்,
கேட்கக் கூடாதுதான்:
"ஏன் சிவில்?"

"எங்க ஊரு குவாரிப் பள்ளத்துல
எத்தன அடி தண்ணி நிக்குதுன்னு
ஆருக்குமே தெரியாதுக்கா.
கயித்துல கல்லக் கட்டி விட்டுப் பாத்தோம்.
கயிறு பத்தல."

என் பட்டியலை நிரப்பியவர்
இதே நாற்காலியில் இருந்தவர்.
ஆன்லைன் வந்த முதல் வருஷம்.
"பஸ் வசதி இருக்கு, போட்டுருவோமா?" என்றார்.
போட்டுவிட்டார்.
பஸ் நன்றாகத்தான் இருந்தது.
போன வருஷம் ஆளில்லாத ஒரு மத்தியானம்
என் கல்லூரியின் நான்கு இலக்க எண்ணைத் தேடினேன்.
முடிவுகள் எதுவும் இல்லை.
கட்டடத்தில் இப்போது நெல் மூட்டை அடுக்குகிறார்களாம்,
தியோடலைட்டைப் பூட்டி வைத்திருந்த அறையிலும்.

நெட் வந்தது.
மிச்சம் ஆறு தட்டு.

நாலு ஐம்பத்திரண்டுக்கு ஓடிபி கேட்டது.
அந்த நம்பர் மாட்டுத்தாவணியில்,
அப்பாவின் சட்டைப் பையில்.
ஸ்பீக்கரில் போட்டாள்.
லாரி ஹாரன், யாரோ கிலோ விலை கூவுகிறார்,
நடுவே சேவுகன், ஏலம் கேட்பதுபோல:
"நாலு... ஒம்போது... சைபர்... சைபர்...
இரு, கண்ணாடிய மாட்டிக்கிறேன்...
ரெண்டு, ஏழு."
அப்புறம்,
"கம்ப்யூட்டர் போட்டாச்சுல்ல?"

அவள் என்னைப் பார்க்கவில்லை.
அதற்கு நன்றி.
"அதுவும் இருக்குப்பா."

பொய்யில்லை.
இரண்டிலிருந்து பதினேழு வரை இருக்கிறது.

எண்களை நான்தான் தட்டினேன்.
ஏழுக்கு முன்னால் விரல் கொஞ்சம் நின்றது,
ஏன் என்று தெரியவில்லை.
பூட்டு விழுந்தது. திரையில் ஒரு பச்சை டிக்.

நூற்றைம்பது ரூபாயைப்
பத்து ரூபாய்த் தாள்களாக எண்ணி வைத்தாள்.
"நீங்க என்னக்கா படிச்சீங்க?"

"ரெண்டு காப்பி போதுமா,
மூணு வேணுமா?"

முதல் பக்கத்தை, இன்னும் சூடாக,
அதற்குள் அவளே எடுத்துவிட்டாள்.
அடுத்த தாளில் பிரிண்டர் சிக்கியது.
மூடியைத் திறந்து
கிழியாமல் உருவ
ரொம்ப நேரம் ஆனது எனக்கு.