கழிவு போக நான்கு

காவேரிப்பட்டணம் தாண்டி
மாங்கூழ் ஆலையின் எடைமேடையில்
ராத்திரி ஷிப்ட் எனக்கு.
ஆனி மாதம். பெங்களூரா ஏற்றிய லாரிகள்
திம்மாபுரம் வளைவு வரை நிற்கின்றன.

ஏற்று. நிறுத்து. இன்ஜினை அணை. இறங்கு.
மொத்த எடை, வெற்று எடை,
நூற்றுக்கு ஐந்து கழிவு,
மிச்சம்தான் பழம்.

ஒன்பது மணிக்கு முதல் காபி.
ரெண்டு ரூபாய்ப் பாக்கெட், பிளாஸ்க்கில் வெந்நீர்.
அது என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடும்.
பதினொன்றுக்கு இரண்டாவது.
அதற்குப் பிறகு மணி இல்லை,
பாக்கெட் கிழியும் சத்தம் மட்டும்தான்.
ஒரு டம்ளருக்கு ஒன்று என்பது ரெண்டாகி
ரெண்டு மூன்றாகி
கரண்டி நிமிர்ந்து நிற்கிற கறுப்பு.

மூன்று மணி வாக்கில்
நெஞ்சு ஒரு துடிப்பைத் தவறவிட்டு
அடுத்ததில் பொத்தென்று விழும்.
இருட்டில் இன்னொரு படி இருக்கிறதென்று
காலை வைத்து ஏமாறுவோமே,
அப்படி.

ஏழை அமுக்கினால் விரல் எட்டுக்குப் போகிறது.
பர்கூர் லாரிக்கு ஆயிரம் கிலோ கூடுதல்.
சீட்டைப் பார்த்துச் சிரித்தார் முனிரத்தினம்:
“ஏன்க்கா, வழியில பழம் குட்டி போட்டுருச்சா?”

இடது இமை ஆறு நாளாகத் துடிக்கிறது.
பொம்பளைக்கு இடது துடித்தால் நல்லது வரும் என்றாள்
தோல் சீவுகிற கெம்பம்மா.
ஆறு நாள் நல்லது எந்த கேட்டில் இறங்கியதோ,
என் மேடைக்கு வரவில்லை.

வயிற்றில் அழுகல் பழத்தின் புளிப்பு.
கழிப்பறைக்கு ஐந்தாவது தடவை போகையில்
ஆலை நாய்கள் குரைப்பதை நிறுத்திவிட்டன.
பகலில் தகரக் கூரைக்குக் கீழே
உடம்பு மூட்டையாகக் கிடக்கிறது,
உள்ளே மட்டும் யாரோ
ட்யூப் லைட்டை அணைக்காமல் போய்விட்டார்கள்.
மூடிய கண்ணுக்குள் சிவப்பு எண்கள் ஓடுகின்றன,
நிலைக்காமல்.

கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரியில்
நெஞ்சில் குளிர்ந்த பசை தடவி
நீளமாக ஒரு காகிதம் எடுத்தார்கள்.
எனக்கு அது எடைச் சீட்டாகத் தெரிந்தது,
பிறகு ஜன்னலுக்கு வெளியே தெரிகிற மலைகளாக.
நடுவில் வரிசை தப்பி
முந்திக்கொண்டு ஒரு குன்று.

“ஒரு நாளைக்கு எத்தனை காபிம்மா?”

பொய் எடை போட்டதில்லை நான்,
முதலாளி சாடை காட்டியபோதும்.
“நாலு” என்றேன்.

மொத்தம் பதினொன்று.
பாதியில் ஆறிப்போனது ரெண்டு,
குடித்தேனா என்று ஞாபகமில்லாதது ஒன்று,
டிரைவர்கள் கேட்டுக் கடையில் வாங்கித் தந்தது நாலு,
அது என் கணக்கில் வராது.
கழிவு போக நான்கு.

டாக்டர் நிமிரவில்லை.
“எல்லாரும் நாலுன்னுதான் சொல்றாங்க” என்று
எழுதிக்கொண்டே போனார்.

நிறுத்தினேன்.
இரண்டாம் நாள் நெற்றிக்குப் பின்னால்
இன்ஜின் அணைக்காத லாரி ஒன்று வந்து நின்றது.
அதற்கு வெற்று எடையே கிடையாது.
சீசன் முடிய இன்னும் இருபத்திமூன்று ராத்திரி,
ராத்திரிக்கு நானூற்று ஐம்பது.
இதை எந்த டாக்டரும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

மூன்றாம் இரவு,
வண்டி இல்லாத ஒரு கால்மணி நேரத்தில்
நானே மேடையேறி நின்றேன்.
கேபின் கண்ணாடி வழியே பார்த்தால்
நாற்பது. அறுபது. நாற்பது.
இருபது இருபதாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
நான் ஐம்பத்தொரு கிலோ.
என் கை நடுக்கம், இமைத் துடிப்பு,
அந்த ஒற்றைக் குன்று எல்லாமே
அந்த இயந்திரத்துக்குக் காற்று.
சும்மா நிற்கையில்
நான் இருக்கிறேனா என்றே
அது யோசித்துக்கொண்டிருந்தது.

ஹாரன்.
பழ வாசனையோடு ஹெட்லைட் வெளிச்சம் முகத்தில்.
இறங்கி வழிவிட்டேன்.
கேட் கடையிலிருந்து முனிரத்தினம் கத்தினார்:
“அக்கா, காபி சொல்லட்டுமா?”

கொஞ்ச நேரம் பதில் வரவில்லை எனக்கு.

“ஒண்ணு சொல்லுங்க” என்றேன்.
சீட்டைத் திருப்பி
பின்பக்கம் ஒரு கோடு போட்டேன்.
வாங்கித் தந்ததுதான்.
இருந்தாலும்.