பதினொரு செக்கன்

திருக்கடலூர்க் கரையில் இரவு ஒரு மணிக்கே
போட் மெசின்கள் இருமத் தொடங்கிவிடும்.
குலேந்திரன் எழும்பி இருட்டில் சேட்டைத் தேடி
பாடிக்கொண்டிருக்கிற என் பெட்டியின் வயரைச்
சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுப் போவார்.
வலையிலிருந்து நண்டு பிடுங்கிப் பழகின கை.

அப்படி மூன்று கார்ட் செத்தது.
நகமளவு கார்ட்,
ஒவ்வொன்றிலும் நாலாயிரம் பாட்டு.

"கரண்டை எடுத்தால் நிக்கவேணும்தானே,
ஃபேன் நிக்கேல்லையா?"
ஃபேனுக்கு ஞாபகம் இல்லை, என்றேன்.
இது எழுதிக்கொண்டிருக்கிற பிள்ளையின்
கையைத் தட்டிவிடுகிற வேலை.

ஜமாலியாவில் நஸ்மியின் கராஜில்
கழற்றிப் போட்ட ஆட்டோ ஒன்றின் ஹோர்ன் பொத்தான் கிடந்தது.
காசு வேண்டாம் என்றார்.
ஸ்பானர் தட்டில் ஐம்பது ரூபாய் வைத்துவிட்டு வந்தேன்.

பலகைக்கு நாற்பது கால்.
ஐந்தாம் கால்தான் வசதி என்றார்கள்,
அதில் சத்தப் பலகை முதலே குடியிருந்தது.
பதினோராம் காலுக்குப் போனேன். ஒன்பதில் எர்த்.
குசினி மேசையில் ஈயம் உருகிய புகை,
பக்கத்து அடுப்பில் சூடை பொரிகிற புகை,
இரண்டுக்கும் நடுவில் என் தும்மல்.

பிறகு ஒரே ஒரு வரி எழுதவேணும்.
பதினொன்று என்று எழுதினேன். அசையவில்லை.
இரண்டு இரவு போன பிறகுதான் பிடிபட்டது:
அந்தக் கால் நிற்கிற இடம் பதினொன்று,
அதைக் கூப்பிடுகிற பெயர் பதினேழு.

அமத்தினால் பாட்டு நிற்கும்.
பச்சை லைட் கொஞ்சம் துடித்து அணையும்.
அதுவரை வயரில் கை வைக்காதேங்கோ என்றேன்.
பதினொரு செக்கன்.

முதல் நாள் வாய்விட்டு எண்ணினார்.
ஏழில் பிழைத்து, திரும்ப ஒன்றிலிருந்து.
இரண்டாம் நாள் ஐஸ் பெட்டியை நிலத்தில் வைத்தார்.
மூன்றாம் நாள்,
வேறு பார்க்க ஒன்றும் இல்லாததால் இருக்கும்,
என்னைப் பார்த்தார்.
"நீர் நித்திரை இல்லையா?"
"மூன்று கார்ட்டாக இல்லை."

அணைக்க மட்டும்தான் தெரியும் அந்தப் பொத்தானுக்கு.
எழுப்புவதென்றால் வயரைக் கழற்றித் திரும்பப் போடவேணும்,
அது என் வேலை, விடிந்த பிறகு.

ஹோர்ன் படம் அதில் இன்னும் அழியவில்லை.
அமத்தும்போது வாயால் "பாம்" என்கிறார்,
ஐம்பத்தொரு வயது மனுசன்.
ரோட்டில் படுத்திருக்கிற மான் ஒன்று
காதைத் திருப்பிவிட்டு
திரும்பப் படுக்கிறது.