தடைக்காலத்துச் சீட்டு

ஐஸ் அரைக்கும் மிஷின் நின்று பதினோரு நாள்.
பாம்பன் தெற்குவாடியில் விசைப்படகுகள்
தோளை இடித்துக்கொண்டு சும்மா கிடக்கின்றன.
இறால் எடை எழுதிய நோட்டின் மிச்சப் பக்கங்களில்
இப்போது தேர்தல் எழுதுகிறேன்.

ஒரு சீட்டு. அதில் ஒரு சின்னம்.
ஜெயித்தால் நூறு ரூபாய், தோற்றால் வெறும் தாள்.
அவ்வளவுதான் சட்டம்.
நடுவில் என்ன விலைக்குக் கைமாறுகிறதோ
அதுதான் ஊரின் மனசு என்பார்
ஏலக்காரர் சந்தியாகு.

மூக்குக்கண்ணாடி காலையில் ஐம்பத்தெட்டு.
தண்ணீர்க்குழாய் நாற்பத்தொன்று.
மிச்சம் ஒரு ரூபாயைப்
பதினாறு சுயேச்சைகளும் பங்கு போட்டுக்கொள்ளட்டும்.

பத்து மணிக்கு உச்சிப்புளியிலிருந்து போன்:
பெண்கள் வரிசை இருட்டும்வரை நின்றதாம்.
குழாய் நாற்பத்தாறு.
மதியம் வேறு பேச்சு:
கடைசி ராத்திரி கவர் கொடுத்த பக்கத்துக்கு
வாங்கியவர்களே குத்தவில்லையாம்.
கண்ணாடி அறுபத்து மூன்று.

சீலாவுக்கும் இப்படித்தான் ஏறும்.
மீன் கூடையில் கிடக்கும்,
ஏறுவது பேச்சு.

பூட்டி சீல் வைத்த அறைக்குள்
எண்ணிக்கை ஏற்கெனவே முடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறது.
இனி ஒரு ஓட்டு கூடாது, குறையாது.
வெளியே நாங்கள்தான்
மணிக்கொரு தரம் மாறுகிறோம்.

நான் குத்தியது குழாய்க்கு.
வாங்கி வைத்திருப்பது கண்ணாடி,
நாலு சீட்டு, ஐம்பத்தெட்டு விலையில்.
குழாய் வந்தால் மனசுக்கு, வராவிட்டால் பாக்கெட்டுக்கு.
வீட்டில் சொல்லவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம், கச்சான்
மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தபோது
லீமாரோஸ் வந்தாள்.
அவள் புருஷன் இன்னாசி மார்ச்சில்
எல்லை தாண்டினான் என்று பிடிபட்டவன்.
அக்கரைச் சிறையில். மூன்று வாய்தா போய்விட்டது.

விலைப்பலகையை மேலிருந்து கீழே படித்தாள்.
"அடுத்த வாய்தாவுல விடுவாகளா,
அதுக்கு என்ன விலை போட்டிருக்க?"

வந்துருவான், கட்டாயம் வந்துருவான்,
பெஞ்சு முழுக்க ஒரே குரல்.

"அப்ப தொண்ணூறுக்கு வாங்குங்க.
ஆளுக்கு ஒண்ணு."

சந்தியாகு குனிந்து செருப்பைத் தேடினார்.
மெக்கானிக் அஸ்கர் அலி
அடிக்காத போனைக் காதில் வைத்தான்.
பின்னால் ஐஸ் பெட்டிகள் பக்கம்
யாரோ மெல்ல:
"முப்பத்தஞ்சு."

யார் என்று ஒருவரும் திரும்பவில்லை.
அவள் தலையாட்டிக்கொண்டாள்.
ஏழு வாரத்தில் அவளிடம் பொய் சொல்லாத
முதல் குரல் அதுவாக இருக்கலாம்.

பிறகு சுருட்டிய நோட்டு ஒன்றைப்
பிரித்து நீவி மேஜைமேல் வைத்தாள்.
"எனக்கு ஒண்ணு எழுது. நூறுக்கு."

"நூறுக்கு வாங்கி நூறு வந்தா
உனக்கு என்னக்கா மிஞ்சும்?"

"எழுது."

எழுதினேன். சின்னம் இருக்கும் இடத்தில் பெயர்.
வாங்க ஆள் இருந்தால் போதாது,
விற்கவும் ஒரு ஆள் வேண்டும்.
விற்றது நான்.

எண்ணிய அன்று, பத்தொன்பதாவது சுற்றில்,
எண்ணூற்று நாற்பது ஓட்டில் கண்ணாடி.
வெடிச்சத்தத்துக்குப் படகுகளைவிட்டுக் காக்கைகள் எழும்பி
மறுபடி அதே படகுகளில் உட்கார்ந்தன.
எனக்கு லாபம் நூற்று அறுபத்தெட்டு.
தோற்றது என் ஓட்டு.

பட்டுவாடா ஆயிற்று. சீட்டெல்லாம் கிழித்தாயிற்று.
ஒரு பக்கம் மட்டும் மூடாமல் நிற்கிறது.
இன்னாசி வந்தால் அவள் நூறு அவளுக்கு.
வராவிட்டால் எனக்கு.
என் சட்டம்தான், என் கையெழுத்துதான்.

வாய்தா பன்னிரண்டாம் தேதி.
டிராயரைத் திறக்கும்போதெல்லாம்
அந்த நோட்டை மற்ற பணத்தில் ஒட்டாமல்
விரலால் தள்ளி வைக்கிறேன்.
விரலில் மை இன்னும் போகவில்லை.
வரவா பற்றா,
எந்தப் பக்கம் எழுத?