ஐந்து நிமிட முறை

சட்டசபையில் சுருக்கெழுத்தாளனுக்கு
ஐந்து நிமிடம்தான் முறை.
பேசுகிறவர் பாதி வாக்கியத்தில் இருந்தாலும்
பென்சிலோடு எழுந்து போய்விட வேண்டும்,
அடுத்தவன் வந்து உட்கார்வான்.
முப்பத்தோரு வருஷத்தில்
என் முறையில் விழுந்த ஆழ்வாரப்பனைக்
கூட்டிப் பார்த்தால் இரண்டு மணி நேரம் தேறும்.

அதில் பெரும்பாலும் தண்ணீர்.
ஜோகுபாளையா மூன்றாவது குறுக்குத்தெருவில்
குழாய் உண்டு, காற்றுதான் வருகிறது,
வேண்டுமானால் மந்திரி வந்து
வாய் வைத்து ஊதிப் பார்க்கட்டும் என்றார் ஒருமுறை.
(சிரிப்பு) என்று போட்டேன்.
மந்திரியும் சிரித்தார்.
அதைத் தனியாகக் குறிக்கும் வழக்கம் இல்லை.

ஆறு தேர்தல் ஜெயித்தவர். இரண்டு தோற்றவர்.
மூன்று கட்சி, நாலு சின்னம், ஒரே அம்பாசிடர்.
ஐந்து மந்திரிசபை பதவியேற்றபோது
இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவர்.
ஒவ்வொரு தடவையும்
இந்த முறை கூப்பிடுவார்கள் என்று
புது வேட்டி எடுத்ததை
டிரைவர் அந்தோணிராஜ் கேண்டீனில் சொல்லிவிட்டான்.
தோற்ற வருஷங்களில் பார்வையாளர் மாடத்துக்கு வருவார்,
சீட்டு வாங்கி, வரிசையில் நின்று.
தன் தொகுதியின் பெயர் ஒரு தடவையாவது வருமா என்று
கேள்வி நேரம் முடியும்வரை இருப்பார்.

கன்னடத்தில் ழ கிடையாது.
அவைப் பதிவில் அவர் ஆள்வாரப்பா.
ஆழ்கிறவரை ஆள்கிறவராக்கியது
அரசு அச்சகம் ஒன்றுதான்.

காவிரிக்காக நகரம் எரிந்த டிசம்பருக்குப் பின்
கூடிய முதல் கூட்டத்தொடர்.
கழற்றி வைத்த என் வீட்டுப் பெயர்ப்பலகை
அரிசி டிரம்முக்குள்ளேயே கிடந்தது.
அவர் எழுந்தார். என் முறை.
நல்ல கன்னடம் அவருக்கு, சந்தைக் கன்னடம்,
வசவும் விலையும் தெரிந்தது.
அதில்தான் தொடங்கினார்:
எரிந்த வீடு இத்தனை, விண்ணப்பம் இத்தனை,
பதில் வந்தது இத்தனை.
கூச்சல். மேஜை தட்டல்.
நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
பிறகு தமிழில், யாரையும் பார்க்காமல்,
"எங்க தெருவுல இன்னும் ஒருத்தரும்
கதவத் தொறக்கலைங்க" என்றார்.

பத்தடி தூரம்.
அந்தப் பக்கத்தில் அது புரிந்த காது
அநேகமாக என்னுடையது மட்டும்தான்.
(சரியாகக் கேட்கவில்லை)
என்று எழுதினேன்.
மணி அடித்தது. எழுந்து போனேன்.

உறுப்பினர் பார்வைக்குத் தாள் போகும்.
பலர் பிரிப்பதே இல்லை. இவர் பிரிப்பார்.
மளிகைக் கணக்கு பார்க்கிற மாதிரி
எண்களை மட்டும் விரல் வைத்துப் பார்ப்பார்.
மறுநாள் திரும்பி வந்தது.
இருபத்தொன்பது வீடுகள் என்று நான் எழுதியதை
அடித்து, முப்பத்தொன்பது.
அடைப்புக்குறியைத் தொடவில்லை.
அதற்குப் பக்கத்தில் ஒரு நீலப் புள்ளி,
பேனா கொஞ்ச நேரம் நின்றதுபோல.
மை கசிந்தும் இருக்கலாம், மலிவுப் பேனா.

அப்புறமும் பல வருஷம்
லிஃப்டில் பார்த்தால் "ஊட்டா ஆயிதா?" என்பார்.
நானும் கன்னடத்திலேயே, "ஆயிது சார்."
நாலு மாடி ஏறும்வரை
இரண்டு பேரும் எண்களைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

போன மார்ச்சில் இரங்கல் தீர்மானம். ஏழு வரி.
அதில் தண்ணீர் இல்லை,
எளிமை இருந்தது, மக்கள் தொண்டு இருந்தது.
எனக்கு ஓய்வுக்கு நாலு மாதம் பாக்கி.
புதிதாக வந்த தட்டச்சுப் பெண், ஓசூர்க்காரி,
தாளோடு வந்து குரலைத் தாழ்த்தித் தமிழில் கேட்டாள்:
"சார், இவரு ஆழ்வாரா, ஆள்வாரா?"

எப்படி அடித்தாலும்
ஒன்றுதான் வரும் என்றேன்.
அவள் போய் அடித்தாள்.