இரண்டு மாத்திரை

வலித்தது இடத்தோள்.
களிம்பு பூசியது வலத்தோளில்,
ஒரு வாரம், வேளை தவறாமல்.

இலாங்குவாக் மறுத்துப் பேசவில்லை.
டாக்டர் சொன்னால் காரணம் இருக்கும்,
உள்ளே நரம்பு குறுக்காக ஓடலாம்.

நடந்தது இவ்வளவுதான்.
தெற்கே நூக் நகரத்திலிருந்து, திரைக்குள்ளிருந்து,
டாக்டர் ஹெய்ல்மன் "இடதா?" என்றார்.
இவன் "ஆமாம்" என்றான்.
அந்த ஆமாம் மேலே ஏறித் திரும்பி இறங்குவதற்குள்
பொறுமை போய் அவர்
"வலதா?" என்று கேட்டாயிற்று.
ஒரு கேள்விக்குப் பிறந்த பதில்
இன்னொரு கேள்வியின் மடியில் போய் உட்கார்ந்தது.

நர்ஸ் இங்கெர் கோபமாக எழுதினாள்:
லைன் ஒல்லி. தடித்த லைன் வேண்டும்.
பணம் ஒதுக்குமுன் அளந்து சொல்ல
ஹெலிகாப்டரில் வந்து இறங்கினாள் பிப்பாலுக்,
ஒரு லேப்டாப்போடும் ஒரு துடைப்பத்தோடும்.

முதலில் துடைப்பம்.
இத்தனை வடக்கே டிஷ் வானத்தைப் பார்ப்பதில்லை.
கடலைப் பார்த்தபடி நிற்கிறது,
படகில் யாரோ வரப்போவதுபோல்.
அடிவானத்துக்கு இரண்டு விரல் மேலே
கண்ணுக்குத் தெரியாத சாட்டிலைட்.
கிண்ணத்தில் தேங்கிய பனியை வழித்துக் கொட்டினாள்.

பிறகு கருப்புத் திரை.
படமில்லை, பொத்தானில்லை, ஒற்றை வரிக் கட்டளை:
பிங்.
அதற்குக் கேட்கத் தெரிந்தது ஒன்றுதான்,
இருக்கிறாயா?

இருக்கிறேன். 618.
இருக்கிறேன். 621.
இருக்கிறேன். 619.

பதினொன்றாவது வரவேயில்லை.
பன்னிரண்டாவது அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
இருக்கிறேன். 640.

முப்பத்தாறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஏற்றம்,
அதே அளவு இறக்கம்.
பதில் வர மறுபடி ஏற்றம், மறுபடி இறக்கம்.
ஒரு சொல் நலம் விசாரிக்க
பூமியை மூன்றரைச் சுற்று சுற்றும் தூரம்.
வெளிச்சத்தைவிட வேகமான வண்டி
யாரிடமும் இல்லை.

அடுத்து அகலம்.
இன்னொரு கட்டளை; முப்பது நொடிக்கு
அர்த்தமில்லாத எண்களை மூட்டை மூட்டையாகத் தள்ளி
அந்தப் பக்கம் எத்தனை சேர்ந்தது என்று கேட்டாள்.
நொடிக்கு நாலு மெகாபிட்.
முகம் காட்ட ஒன்றரை போதும்.
மிச்சம் சும்மா கிடக்கிறது.

"அப்போ தடித்த லைன் போட்டால்?" என்றாள் இங்கெர்.

வலிக்காத தோளைத் தேய்த்துக்கொண்டே
இலாங்குவாக் குறுக்கிட்டான்:
"ஐஸில் துளை போட்டு
அறுநூறு மீட்டர் கயிறு விடறேன்.
கீழே மீன் கடிச்சா இழுப்பு மேலே வர நேரமாகும்.
கயிறு தடிச்சா, நிறைய மீன் தாங்கும்.
இழுப்பு சீக்கிரம் வராது."

பிப்பாலுக் அறிக்கையைப் பாதியில் நிறுத்தி
அவன் சொன்னதைத் தட்டச்சு செய்தாள்.
பிறகு அழித்தாள்.
அலுவலகத்தில் யாரும் மீன் பிடிப்பதில்லை.
"அகலம் போதுமானது. தாமதம் நிரந்தரம்"
என்று மட்டும் இருந்தது கடைசியில்.

இங்கெர் மருந்துச் சீட்டொன்று கிழித்து
கேமராவுக்குக் கீழே ஒட்டினாள்.
கண் இமைக்கும் நேரம் ஒரு மாத்திரை என்றால்
ஒவ்வொரு கேள்விக்கும் பின்
இரண்டு மாத்திரை.
வெறும் வாயில்.

மறுநாள் டாக்டர் வந்தார். காத்திருந்தார்.
இவனும் காத்திருந்தான்.
வெளியே நாய்கள் ஊளையிட்டு ஓய்ந்தன.
கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில்
"நீங்க சொல்லுங்க" என்றார்கள்.
மறுபடி இருவரும் நிறுத்தினார்கள்.

இலாங்குவாக் பேச்சை விட்டுவிட்டு
சட்டையை இடப்பக்கம் இறக்கினான்.

அது போய்ச் சேர ஒரு மாத்திரை.
அவர் முகம் மாறியது
வந்து சேர
இன்னொன்று.