காற்புள்ளி வரைக்கும்

பாம்பன் டோக்கன் அலுவலகத்தில் எனக்கு இரவு வேலை.
விடிய நாலரை.
கரை சேர்ந்த படகுகளின் பட்டியலை
ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் தானே எடுத்து
சுவர்த் திரையில் ஒட்டும்.
எழுதியவன் நான்தான்.
எண்பத்தாறு போய்
எண்பத்தைந்து வந்திருக்கிறது என்றது இன்றைக்கு.

கம்பிக் கதவுக்கு வெளியே சலேத் மேரி.
பாசி எடுக்கப் போகிற கோலம்,
விரல்களில் கிழிசல் துணி சுற்றியிருந்தாள்.
"அலங்கார மாதா" என்றாள்.
படகின் பேர். அவ்வளவுதான் சொன்னாள்.
கோடு தாண்டிவிட்டதா, பிடித்துவிட்டார்களா,
ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் அதட்டியாவது அனுப்பியிருப்பேன்.

பதிவைத் திறந்தேன்.
படகுக் கருவிகள் அனுப்புவதெல்லாம்
வரி வரியாய் வந்து விழுகிற இடம்.
தேடியதும் கிடைத்துவிட்டது:

எழுதியாயிற்று /தடம்/தென்கடல்/அலங்கார மாதா/கடைசி.லாக், 03:41, காற்று கச்சான்

வரி இருக்கிறது. படகு இல்லையாம்.

இந்த வரியிலிருந்து
பாதையை மட்டும் பிய்த்தெடுக்க வேண்டும்.
ஆறு மாதம் முன்பு கிரெப்புக்கு நான் சொல்லிவைத்தது:
சாய்கோட்டில் தொடங்கு,
இடைவெளியோ காற்புள்ளியோ கண்டால் நில்.
அப்போது வந்த பேரெல்லாம் ஒற்றைச் சொல்.
கடலரசி. ராயப்பு. பிஸ்மில்லா.
இன்னாசி போன வாரம்தான்
படகுக்குப் புதுப் பெயிண்ட் அடித்து
பேரையும் மாற்றினான்.

சொன்னபடியே நின்றிருக்கிறது கிரெப்.
கையில் கொடுத்தது இரண்டு துண்டு:
/தடம்/தென்கடல்/அலங்கார
/கடைசி.லாக்
முதலாவதுக்குப் போனால் கோப்பு இல்லை.
இரண்டாவதுக்குத் தலையே இல்லை.
நடுவில், யாருக்கும் பாதையாகாமல்,
மாதா மிதந்துகொண்டிருந்தாள்.

அவசரத்தில் '/.*' என்று அடித்தேன்.
எது வந்தாலும் அள்ளு என்று அர்த்தம்.
அள்ளியது.
பாதை, மணி, கச்சான் காற்று வரைக்கும்.
இழுவைமடி ஏறினால் இப்படித்தான்,
தளத்தில் கொட்டிய பிறகுதான் தெரியும்
முக்கால்வாசி சேறும் சிப்பியும்.

ரயில் பாலத்தில் ஏறுகிற சத்தம் கேட்டது.
சலேத் நின்ற இடத்திலிருந்து நகரவில்லை.

எது வேண்டும் என்று சொல்லத் தெரியாதபோது
எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லலாம்.
இந்தப் பதிவில் பாதை முடிந்ததும்
தவறாமல் ஒரு காற்புள்ளி விழுகிறது.
அது போதும்.
'/[^ ,]*' என்று இருந்ததில்
பகரக் கொம்புகளுக்குள் கிடந்த
அந்த ஒற்றை வெற்றிடத்தை மட்டும் அழித்தேன்:

'/[^,]*'

ஒன்றுமில்லாததை அழிக்க
ஒரு விரல் தட்டு.

முழுப் பாதையும் வந்தது.
வந்ததை மாறியில் வைத்து கேட் கட்டளைக்குக் கொடுத்தேன்,
மறுபடியும் இல்லை என்றது.
மேற்கோள் குறி போட மறந்திருக்கிறேன்.
குறி இல்லாமல் கொடுத்தால் ஷெல்
இடைவெளி பார்த்து இன்னொரு தடவை உடைக்கும்.
இரண்டு பக்கமும் இரட்டைக் குறி வைத்தேன்.
கைக்குழந்தையைக் கைமாற்றும்போது
கழுத்துக்கும் முதுகுக்கும் கை கொடுப்பதுபோல என்று
எழுதத் தோன்றுகிறது இப்போது.
அப்போது தோன்றியது கெட்ட வார்த்தை.

கோப்பு திறந்தது.
குந்துகால். இயந்திரம் அணைந்தது. 03:38.

"குந்துகால்ல கட்டியிருக்கு" என்றேன்.
"எப்ப?"
"ஒரு மணி நேரம் ஆகப்போகுது."
கதவுக் கம்பியை விட்டாள்.
துணி சுற்றிய விரல்கள் ஒவ்வொன்றாய்ப் பிரிந்தன.

"பேருக்கு நடுவுல இடம் விட்டதுதான் சிக்கல்,
சேர்த்து எழுதியிருந்தா முதல்லயே வந்திருக்கும்" என்றேன்.
சொல்லியிருக்க வேண்டாம்.
திரும்பிப் பார்த்தாள்.
"அலங்காரம் வேற, மாதா வேற.
ஒட்டி எழுதுனா யாரு அது?"

போய்விட்டாள், தண்ணீர் வற்றுவதற்குள்
தீவுப் பக்கம் சேர வேண்டும் அவளுக்கு.

ஸ்கிரிப்டைச் சேமித்து மறுபடி ஓட்டினேன்.
எண்பத்தாறு.
பேரில் காற்புள்ளி வைத்து
எவனாவது படகு இறக்காத வரைக்கும் சரி.